தொலையாத ஒயர்லெஸ்

எங்கள் அலுவலகத்தில் கட்டிப் போடாத பொருள் என்று ஒன்று கிடையாது. அலுவலகத்தின் பெயர் தொலைந்த பொருள் மீட்பு வாரியம். ரயிலில் மறந்துவிட்டுப் போன குடை, பஸ் சீட்டுக்கு அடியில் விழுந்த ஒற்றைக் கம்மல், சினிமாக் கொட்டகையில் கழற்றி வைத்த பல்செட் எல்லாம் எங்களிடம்தான் வந்து சேரும். ஊரார் தொலைப்பதைக் காப்பாற்றும் நாங்களே ஒன்றைத் தொலைத்துவிட்டால் மானம் கப்பலேறிவிடாதா? அந்தப் பயத்தில் முன்பொரு காலத்து இயக்குநர் ஓர் உத்தரவு போட்டார். கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய எதையும் பக்கத்தில் இருக்கும் நகராத பொருளோடு கட்டி வைக்க வேண்டும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், உத்தரவு மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

பேனா மேஜையோடு கட்டியிருக்கும். ஸ்டேப்ளர் அலமாரியோடு. தண்ணீர் டம்ளர் குழாயோடு. குனிந்துதான் குடிக்க வேண்டும், நிமிர்ந்து குடிக்கச் சங்கிலி எட்டாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்து முதல் வாரம் சிரிப்பார்கள். அடுத்த வாரம் தங்கள் மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு மாட்டிக்கொண்டு வருவார்கள்.

நான் குடைப் பிரிவில் இருக்கிறேன். வாரியத்தின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனும் நான்தான். என் குச்சிகள் இரண்டும் மணிக்கட்டோடு கட்டியிருக்கும். ஒருமுறை வேகமான பாட்டு ஒன்றில் இரண்டு கயிறும் முறுக்கிக்கொண்டு, விலங்கு மாட்டிய கைதி மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. நானும் தலை வணங்கி ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் இது என் கதை இல்லை. எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற சாவிப் பிரிவு நண்பரின் கதை. அவரை நாங்கள் 'கீழ்ஸ்தாயி' என்று கூப்பிடுவோம். வாசிப்பதும் கீழ்ஸ்தாயி, பேசுவதும் கீழ்ஸ்தாயி. அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகள் உள்ள கிட்டார். பாட்டுக்கு அதுதான் அஸ்திவாரம். அஸ்திவாரத்தை யார் குனிந்து பார்க்கிறார்கள்? அவரையும் யாரும் பார்த்ததில்லை.

இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே யாரும் பார்த்ததில்லை. எங்கள் அரங்கத்து மேடையின் இடது பக்கம் ஒரு தூண் இருக்கிறது. இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப் பிடித்தாலும் கட்டுக்குள் வராத தூண். மேடையில் வேலை செய்கிற ஒரே மின் இணைப்பு அதன் பின்புறம் இருக்கிறது. ஆகவே பேஸ் கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி, நாங்கள் ஆம்ப் என்று சொல்வது, தூணின் பின்னால் இருக்கிறது. அதைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். ஆம்பிலிருந்து கிட்டாருக்கு வரும் கேபிள் குட்டையானது. ஒருமுறை நீளமான கேபிள் வாங்கினோம். ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க வந்த இப்போதைய இயக்குநர் அதில் கால் மாட்டி, பூச்சாடிக்குள் முகம் புதைய விழுந்தார். "நான் விழலை, பூவைப் பக்கத்துல பார்க்கணும்னு குனிஞ்சேன்" என்று அவர் இன்றுவரை சொல்லி வருகிறார். ஆனாலும் தரையில் படுகிற நீளத்தில் எந்தக் கம்பியும் மேடையில் இருக்கக் கூடாது என்று மறுநாளே தடை வந்துவிட்டது. கீழ்ஸ்தாயி தூணுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார்.

அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவர். வாயைத் திறக்க மறுக்கிறவர்களையெல்லாம் பேசிப் பேசியே உள்ளே அனுப்பிவைப்பவர். அவருக்குப் பொறுமை நிறைய உண்டு, ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் இருந்தது. ஆண்டு விழாவுக்குச் சில வாரம் இருக்கும்போது, ஒத்திகை முடிந்து கணவரைக் கூட்டிப் போக வந்தவர் என்னிடம் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. போன தடவை எங்க அக்காவைக் கூட்டிட்டு வந்தேன். 'உன் வீட்டுக்காரர் எங்கடி'ன்னு கேட்டா. நான் தூணைக் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் பார்த்துட்டு, 'நல்ல உயரம்தான்'ங்கறா."

"அடுத்த தடவை..." என்று கீழ்ஸ்தாயி ஏதோ சொல்ல வந்தார்.

"அடுத்த தடவையும் தூணைத்தான் பார்க்கணும்னா நான் வரலைங்க. எங்க ஆஸ்பத்திரியிலயே நாலு தூண் இருக்கு. எனக்கு அதுவே போதும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் டீ குடிக்கும்போது கீழ்ஸ்தாயி என் காதருகே வந்து விஷயத்தைச் சொன்னார். இந்த ஆண்டு விழாவில் முதல்முறையாக அவருக்குத் தனி வாசிப்பு கொடுத்திருந்தார்கள். அவரே ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல நாங்க மூணாவது மாடியில இருந்தோம். அவ வேலை முடிஞ்சு படியேறி வர்ற சத்தம் கேட்கும். அதை வெச்சுத்தான் போட்டிருக்கேன். அவகிட்ட சொல்லலை. வீட்ல ஒரு இரவல் கிட்டார்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் வாசிப்பேன். அவளுக்கு வெறும் டொக்கு டொக்குன்னுதான் கேட்கும்."

"அப்படின்னா அவங்க வந்தே ஆகணும்" என்றேன்.

"வந்தா மட்டும் என்ன? தூணைத்தானே பார்ப்பா."

அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. "ஒயர்லெஸ் மாட்டிக்கோங்க. கிட்டார்ல ஒரு சின்னக் கருவி, ஆம்ப்ல ஒரு கருவி. நடுவுல கேபிளே கிடையாது. மேடை நுனிக்கே வந்து நின்னு வாசிக்கலாம்" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொந்தமாகவே வாங்கிவிடுகிறேன் என்றார். அது முடியாது. மேடைக் கிட்டாரும் ஆம்பும் வாரியத்துக்குச் சொந்தம். யாரோ ரயிலில் விட்டுப் போய்க் கடைசிவரை தேடி வராத கிட்டார் அது. வாரியப் பொருளோடு சொந்தப் பொருளைச் சேர்த்தால், நாளைக்கு எது யாருடையது என்று தெரியாமல் போய்விடும் என்பது எங்கள் விதி. இருவரும் இயக்குநரைப் பார்க்கப் போனோம்.

இயக்குநர் முழுக்கக் கேட்டார். கேட்கும்போது தன் மேஜையோடு கட்டியிருந்த பேப்பர் வெயிட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நம்ம வாரியத்தோட அடிப்படையே கட்டறது. நீங்க அவிழ்க்கணும்னு சொல்றீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் புதுமைக்கு எதிரி இல்லை. புதுமை தாராளமா வரட்டும். வந்து, நம்ம நடைமுறைக்குப் பழகிக்கட்டும்" என்றார்.

"மேடைக்கு முன்னால வர்றதுக்காகத்தான் சார் கேட்கிறேன்" என்றார் கீழ்ஸ்தாயி, அவருடைய குரலில்.

"என்ன சொல்றார்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "சரி சரி, குழு போட்டுடலாம்" என்று எழுந்துவிட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் நிர்வாக அதிகாரி. அடுத்தவர் வாசலில் எங்கள் பைகளைச் சோதிக்கும் பாதுகாப்பு அதிகாரி. மூன்றாமவர் தொழில்நுட்ப அலுவலர். லிஃப்டும் சுவர்க் கடிகாரமும் அவர் பொறுப்பு, இரண்டும் நின்றுதான் இருந்தன. கீழ்ஸ்தாயியைக் குழுவில் சேர்க்கவில்லை. பலன் அடையப் போகிறவர் குழுவில் இருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மட்டும் ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே நிர்வாக அதிகாரி அடிமடியில் கை வைத்தார்.

"நான் எல்லா ஆண்டு விழாவுக்கும் வர்றேன். நீங்க வாசிக்கிறது எனக்குக் கேட்டதே இல்லையே?"

"அது தனியா கேட்காது சார். இல்லேன்னாதான் தெரியும்" என்றார் கீழ்ஸ்தாயி.

"அப்ப இல்லாம வாசிச்சுக் காட்டுங்க."

இப்படித்தான் நாங்கள் பேஸ் கிட்டார் இல்லாமல் ஒரு பாட்டு வாசித்தோம். கீழ்ஸ்தாயி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு அதே பாட்டை அவரோடு வாசித்தோம். அதுவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூவரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். கீழ்ஸ்தாயிக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஒயர்லெஸ் கேட்கப் போய் ஆளே வேண்டாம் என்று முடிந்துவிடும் போலிருந்தது.

நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமினார். "நான் நேர்மையா பேசறவன். போன வருஷம் ஒரு மாசம் லீவுல இருந்தேன். திரும்பி வந்தப்ப, ஆபீஸ் நல்லாத்தான் நடந்துச்சுன்னு சொன்னாங்க. அதுக்காக என்னை எடுத்துட முடியுமா? ஒருத்தர் இல்லேன்னாலும் வேலை நடக்கும்ங்கறதுக்காக ஆளை எடுக்க ஆரம்பிச்சா, இந்தக் கட்டடத்துல யார் மிஞ்சுவா? அதனால இவரும் இருக்கட்டும்."

மற்ற இருவரும் இதைப் பலமாக ஆமோதித்தார்கள். அவர்கள் குரலில் உண்மையான உருக்கம் இருந்தது.

அடுத்து எல்லோரும் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர், எங்கள் வாரியத்தைத் தெரியாதவர். கண்ணாடி மேஜை மேல் மூன்று விதமான கருவிகளை எடுத்து வைத்தார்.

"இது குட்டி. ஒண்ணை கிட்டார்ல சொருகணும், இன்னொண்ணை ஆம்ப்ல சொருகணும், அவ்வளவுதான். சின்ன இடத்துக்கு அருமை. ஆனா கூட்டத்துல எல்லார் கையிலயும் போன் இருந்தா சமயத்துல விட்டு விட்டுக் கேட்கும். வைஃபை போற அதே அலையிலதான் இதுவும் போகுது. இது இடுப்புல மாட்டிக்கிற பெட்டி. அந்தத் தொல்லை இதுல குறைச்சல், கீழ்ச் சத்தம் மெலியாம அப்படியே வரும். பேஸுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இந்த மூணாவது, பெரிய மைதானக் கச்சேரிக்கு. பார்த்தீங்கல்ல, மேல ரெண்டு ஆன்டெனா, பீரோ மாதிரி. இது உங்களுக்குத் தேவைப்படாது."

தேவைப்படாது என்று அவர் சொன்ன அந்த மூன்றாவதைக் குழு அன்போடு பார்த்தது.

"இதுல எல்லாத்துலயும் சத்தம் போய்ச் சேர ஒரு சின்னத் தாமதம் இருக்கும். காதுக்கே தெரியாது" என்றார் கடைக்காரர்.

நிர்வாக அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு தாமதம்? எங்க ஆபீஸ்ல பத்து நிமிஷம் வரைக்கும் கண்டுக்க மாட்டோம்."

"கண் சிமிட்டுற நேரம்கூட இல்லை சார்."

"அப்ப சரி. ஆனா அதையே பழக்கமாக்கிக்கக் கூடாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்க வேணா மாட்டிப் பாருங்க" என்று இடுப்புப் பெட்டியைக் கீழ்ஸ்தாயியிடம் நீட்டினார் அவர். கடையிலிருந்த ஒரு பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டி, பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழ்ஸ்தாயி ஒரு கம்பியைத் தட்டினார். மூலையிலிருந்த ஆம்ப் உறுமியது. அவர் ஒரு அடி பின்னால் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இழுக்கவில்லை. இன்னும் ஒரு அடி வைத்தார். வாசிப்பை நிறுத்தாமல் கதவு வரை போனார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கினார். கண்ணாடிக்கு அப்பால் நடைபாதையில் நின்று அவர் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, சத்தம் எங்கள் காலடியில் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நடந்துகொண்டே வாசித்தார்.

"பொருள் வெளியே போகுது!" என்று கத்திக்கொண்டு பாதுகாப்பு அதிகாரி ஓடினார். சட்டைக் காலரைப் பிடித்து அவரை உள்ளே கூட்டி வந்தார்.

நிர்வாக அதிகாரி யோசனையில் ஆழ்ந்திருந்தார். "அவர் தூரமாப் போகப் போக, சத்தம் குறையவே இல்லையே?"

"அதுதான் சார் இதோட சிறப்பே!"

"எங்களுக்கு அதுதான் கவலையே. ஒரு பொருள் தூரமாப் போனா சத்தம் குறையணும். அப்பத்தானே அது போயிடுச்சுன்னு தெரியும்?"

கடைக்காரர் மேஜை மேல் இருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். அவர் டம்ளரைத் தூக்கிக் குடிப்பதைக் குழு வியப்போடு கவனித்தது.

அன்று மாலையே கீழ்ஸ்தாயி வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மனைவி மறுநாளே அவருக்கு நீலத்தில் புதுச் சட்டை ஒன்று எடுத்துவிட்டார். தூணுக்குப் பின்னால் நிற்கிறவருக்குச் சட்டை எதற்கு என்று அதுவரை எடுக்காமல் இருந்தாராம். அக்காவுக்கும் போன் போட்டு, "இந்தத் தடவை வா, நிஜமாவே காட்டறேன்" என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது கீழ்ஸ்தாயியின் குரல் கொஞ்சம் மேலேறியிருந்தது. நான் மின்விசிறியை நிறுத்தாமலேயே எனக்குக் கேட்டது.

குழுவின் முடிவுக்கு வருகிறேன். எங்கள் வாரியத்தில் பல காலமாக ஊறிய ஒரு ஞானம் உண்டு: சிறியது தொலையும், பெரியது தொலையாது. இதுவரை யாரும் பீரோவைத் தொலைத்துவிட்டு எங்களிடம் வந்து அழுததில்லை. ஆகவே மூன்றில் எது நன்றாகப் பாடும் என்ற கேள்வியே எழவில்லை. மைதானக் கச்சேரிக்கான அந்தப் பெட்டியை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத் தூக்கி வந்து ஆம்பின் மேல் வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதைப் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி மனநிறைவோடு தலையாட்டினார்.

பிறகு தொழில்நுட்ப அலுவலர் அட்டைப் பெட்டியின் அடியில் கையை விட்டு, உள்ளங்கை அளவுக்கு ஒன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"அதுதான் சார் கிட்டார் பக்கம் மாட்டிக்கிறது. சத்தத்தை அனுப்பறது இது, வாங்கிக்கிறது அது" என்றார் கீழ்ஸ்தாயி.

"இவ்வளவு பெரிய தாய்க்கு இவ்வளவு சின்னக் குட்டியா?" நிர்வாக அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இது ஒரு பொருள் இல்லை. ஜோடி!"

வெளியாருக்கு இது புரியாது. எங்கள் வாரியத்தில் ஜோடி என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கையுறை, ஒற்றைக் கம்மல் என்று கிடங்கு நிறையக் கிடக்கிறது. பாதி வந்தால் மீதியைத் தேட வேண்டும். அதனால் வாரியத்தின் சொந்தப் பொருளில் எது ஜோடியாக இருந்தாலும் ஒன்றை மற்றொன்றோடு கட்டியே தீர வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. இயக்குநரின் ஷூக்கள்கூட அவர் அறைக்குள் இருக்கும்வரை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஒத்திகைக்குப் போனபோது வேலை முடிந்திருந்தது. பெரிய பெட்டியையும் குட்டிப் பெட்டியையும் மெல்லிய எஃகுக் கம்பியால் இணைத்து இரண்டு பக்கமும் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். கம்பி தரையில் படக் கூடாது அல்லவா, அதனால் நீளம் கைமுழம் அளவுக்குத்தான். பெரிய பெட்டி ஆம்போடு கட்டியிருந்தது. ஆம்ப் தூணோடு கட்டியிருந்தது. பழைய கேபிளாவது அவரைக் கொஞ்சம் திரும்பி நிற்க விட்டது. இப்போது கீழ்ஸ்தாயி இடுப்பில் குட்டியை மாட்டினால், ஆம்பை ஒட்டிப் பக்கவாட்டில்தான் நிற்க முடிந்தது.

அவர் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதற்கும் பேசுவதற்கும் வித்தியாசம் குறைவு என்றாலும், அன்று எனக்கு வித்தியாசம் தெரிந்தது. நான்தான் அவரை இழுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். இந்த முறை முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினேன்.

"கேபிள் இருக்கா?" என்று கேட்டார் இயக்குநர்.

"இல்லை சார்."

"அந்த எஃகுக் கம்பியில சத்தம் போகுதா?"

"இல்லை சார்."

"அப்ப அது ஒயர்லெஸ்தானே?"

"ஒயர்லெஸ்தான் சார். ஆனா நகர முடியலை."

"நகரணும்னு நீங்க கேட்கவே இல்லையே?"

"கேட்டேன் சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாருங்க. இந்த நாற்காலியில நான் எத்தனை வருஷமா இருக்கேன்? ஒரு அங்குலம் நகர்ந்திருப்பேனா? ஆனா நான் உட்கார்ந்த இடத்துல இருந்து ஒரு வார்த்தை சொன்னா நாலு மாடியும் ஆடுது. அதுதான்யா ஒயர்லெஸ். நகர்றவன் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஃபேனைப் போடுங்க."

கம்பியை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். வெட்டுக்குறடு வாரியத்தில் ஒன்று இருக்கிறது. பராமரிப்பு அறைச் சுவரோடு சங்கிலியில் கட்டியிருக்கிறது. வெட்ட வேண்டிய பொருளை அங்கே தூக்கிப் போக வேண்டும், அதாவது தூணை. "விடுங்க" என்றார் கீழ்ஸ்தாயி. "அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை." அவர் சொல்லவில்லை என்பது விழா அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. குடும்பத்தார் வரிசையில் அவர் மனைவியும் அக்காவும் நடுவாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா புதுக் கண்ணாடிகூடப் போட்டு வந்திருந்தார்.

இயக்குநர் புதிய கருவியைத் தொடங்கி வைத்துப் பேசினார். "கட்டுகள் அற்ற யுகத்துக்குள் நம் வாரியம் இன்று நுழைகிறது. பத்திரமாகக் கட்டிக்கொண்டே நுழைகிறது!" என்று முடித்தபோது பலத்த கைதட்டல். கருவி தூணுக்குப் பின்னால் இருந்ததால், அவர் சுட்டிக்காட்டிய திசையில் எல்லோரும் தூணைப் பார்த்தார்கள்.

நாங்கள் சில பாட்டுகள் வாசித்தோம். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் கீழ்ஸ்தாயியின் மனைவி கழுத்தை நீட்டிப் பார்ப்பது என் இடத்திலிருந்து தெரிந்தது. அடுத்த பாட்டுக்கு வருவார், அதற்கடுத்த பாட்டுக்கு வருவார் என்று காத்திருந்தார். பிறகு எங்கள் பாடகி ஒலிவாங்கியில் அறிவித்தார்: "அடுத்து, நம்ம சாவிப் பிரிவு நண்பரோட தனி வாசிப்பு."

மேடை நடுவில் விளக்கு விழுந்தது. அந்த வட்டத்துக்குள் யாரும் வரவில்லை. அரங்கம் காத்திருந்தது. தூணுக்குப் பின்னால் கீழ்ஸ்தாயி விரலைக் கம்பி மேல் வைத்துக்கொண்டு நின்றார், தட்டவில்லை. அவருக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் அவர் மனைவி எழுந்தார். வரிசையை விட்டு வெளியே வந்து, அதிகாரிகளைத் தாண்டி, நேரே மேடைப் படிக்கு வந்துவிட்டார். நிர்வாக அதிகாரி குறுக்கே வந்தார்.

"பொதுமக்கள் மேலே போகக் கூடாதும்மா."

"நான் பொருள் தேடி வந்திருக்கேன்."

நிர்வாக அதிகாரியின் முதுகு தானாக நேரானது. இந்த வாக்கியத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் ரத்தத்தில் ஏற்றப்படுவது.

"என்ன பொருள்?"

"வீட்டுக்காரர்."

"எங்க தொலைச்சீங்க?"

"இங்கதான். உங்க தூணுக்குப் பின்னாடி. வருஷா வருஷம் நல்லபடியா கொண்டாந்து விடறேன். விழா முடியற வரைக்கும் காணோம்."

"அடையாளம் சொல்லுங்க."

"வாசிக்கும்போது கீழுதட்டைக் கடிச்சுக்கும். வலது கால் சும்மா இருக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். நீலச் சட்டை, நான் எடுத்துக் கொடுத்தது. காலர்ல விலைச்சீட்டு தொங்கும். பிய்ச்சுட்டுப் போங்கன்னு காலையில சொன்னேன், கேட்கலை."

நிர்வாக அதிகாரி மேலேறித் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். காலரையும் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா வேற யாராவது உரிமை கேட்டு வந்தா?"

"வரட்டும், பார்த்துக்கிறேன்."

"எடுத்துட்டுப் போக முடியாதும்மா, கட்டியிருக்கு" என்றார் அவர், சற்றே வருத்தத்தோடு.

"எடுத்துட்டுப் போக வரலைங்க. பார்க்கத்தான் வந்தேன்."

அவர் வழி விட்டார். வேறு என்ன செய்வார், விதி அப்படி.

தூணைச் சுற்றிக்கொண்டு வந்த மனைவியைப் பார்த்துக் கீழ்ஸ்தாயி கம்பியிலிருந்து விரலை எடுத்தார். அவர் இடுப்பையும், எஃகுக் கம்பியையும், பெட்டியையும், சங்கிலியையும் மனைவி ஒரு பார்வையில் பார்த்து முடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டிக் காலரில் இருந்த விலைச்சீட்டைப் பிய்த்தார்.

"வாசிங்க" என்றார்.

கீழ்ஸ்தாயி வாசித்தார். முதலில் மெதுவாக, ஒவ்வொரு படியாக. நடுவில் ஓர் இடத்தில் நின்றது. யாரோ பையைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி. பிறகு மறுபடியும் ஏறியது. கடைசிப் படிகள் வேகமாக வந்தன. வீடு நெருங்கினால் யாருக்கும் கால் வேகமாகத்தானே போகும். நான் குச்சியைத் தொடவே இல்லை. மனைவி முதலில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இரண்டாம் முறை மெட்டு திரும்பி வந்தபோது கட்டிய கை தானாக இறங்கியது.

"மூணாவது மாடி" என்றார்.

கீழ்ஸ்தாயி உதட்டைக் கடித்தபடியே தலையை ஆட்டினார்.

"இத்தனை நாள் இதையா ஹெட்போன்ல வெச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று சொல்லிவிட்டு, அவர் ஆம்புக்கு முன் குனிந்து சத்தத்துக்கான குமிழைப் பிடித்து, அது போகிற வரைக்கும் திருப்பினார்.

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் தண்ணீர் டம்ளர்கள் சங்கிலியோடு நடுங்கின. இயக்குநர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் தூங்கியவர்கள் எழுந்தார்கள். படிகள் ஒவ்வொன்றாக எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் ஏறின, கதவருகே போய் நின்றன. அப்புறம் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அக்கா, அதிகாரிகள், இயக்குநர் எல்லோரும் தூணைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள். கீழ்ஸ்தாயி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவரைப் பார்க்க வேண்டியவர் தூணுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.